கம்பியும் கம்பியும்

விழா மலரென்றால் தமிழாசிரியன் எழுதுவது யாதாயிருக்கும் என்பதை அன்பர்கள் முன்னரே அறிவர். சங்க இலக்கியத்தில் ஒரு காட்சி. இன்றேல் கம்பன் கண்ட ஏதோவொன்று. அதுவுமன்றேல் ஆசிரியத் தொழிலின் மாண்பு. மலர்க் குழுவினரும் அத்தகையதொன்றையே எம்மிடம் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எழுதப் புகுந்ததோ மின்சாரத்தைப் பற்றி. அதிலும், வீடு கட்டும் இடங்களில் தலைக்கு மேலே செல்லும் மின்கம்பியைப் பற்றி. பொறியியலாளர் எழுதவேண்டியதைத் தமிழாசிரியன் எழுதுவானேன் என்று கேட்பின், விடை எளிது. இவ்விடயத்தில் உயிரைப் பறிக்கும் குழப்பங்களுள் ஒன்று சொற்குழப்பம். அஃது எம் துறையைச் சார்ந்தது.

கட்டட வேலை நடக்கும் இடத்திற்குச் சென்று சிறிது நேரம் செவிசாய்த்து நின்று பாருங்கள். கொங்கிறீற்றுக்குள் வைத்துக் கட்டும் இரும்புக்கோலைத் தொழிலாளர் "கம்பி" என்பர். கம்பத்திலிருந்து கம்பத்திற்குச் செல்லும் மின் வடத்தையும் "கம்பி" என்றே சொல்வர். "கம்பி பார்த்து!" என்று கீழிருந்து ஒருவன் கூவினால், மேலே நிற்பவன் எந்தக் கம்பியைப் பார்ப்பான்? தன் கையிலுள்ளதைப் பார்ப்பான். பார்க்கவேண்டியதோ தலைக்கு மேலுள்ளது. இனி, "மின்" என்னும் அடிச்சொல்லை நோக்குக. மின்னுவது, ஒளிவிடுவது என்பது அதன் பொருள். மின்னலைக் கண்ட நம் முன்னோர் வைத்த பெயர் அது. ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரம் மின்னுவதில்லை, ஒலிப்பதில்லை, மணப்பதுமில்லை. உயிருக்குக் கேடு செய்யும் கம்பியும் செத்த கம்பியும் பார்வைக்கு ஒன்றே. பெயரை நம்பிக் கண்ணால் அறிந்துகொள்ளலாம் என்று எண்ணுவோன் ஏமாறுவான்.

நம் மலைநாட்டிற்கும் மின்சாரத்திற்கும் உள்ள உறவு நெடியது. மலையருவிகளின் விசையால் இந்நாடு முழுவதற்கும் ஒளியூட்டலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே ஆய்வுரை எழுதி விளக்கினார். அக்கனவு இலக்சபான மின்நிலையமாக நிறைவேறியது 1950 இல். இலங்கை மின்சார சபை 1969 நவம்பர் 1 ஆம் நாள் நிறுவப்பெற்றது. அதற்கெல்லாம் முன்னரே, தோட்டத்துரைமார் ஓடைகளை மறித்துச் சிறு சுழலிகளை நிறுவித் தேயிலைத் தொழிற்சாலைகளை ஓட்டினர். தொழிற்சாலையில் மின்விளக்கு எரிந்த காலத்தில், அதன் கீழ்ப்புறத்து லயன் காம்பராவில் குப்பி விளக்கே எரிந்தது. அண்மையில், 2024 ஏப்ரல் 24 ஆம் நாள், உமாஓயாத் திட்டம் தொடக்கிவைக்கப் பெற்று 120 மெகாவாற்று மின்வலு நம் ஊவா மண்ணிலிருந்தே நாட்டிற்குக் கிடைக்கலாயிற்று. அத்திட்டத்தின் சுரங்கத்தினுள் 2014 டிசம்பரில் நீர் பெருக்கெடுத்ததும், பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றியதும், வீட்டுச் சுவர்கள் வெடித்ததும் இவ்வூரார் மறக்கத்தக்கன அல்ல. மலையிலிருந்து பிறந்த மின்சாரம் மலைமக்களின் தலைக்கு மேலாகவே நெடுங்காலம் சென்றது; வீட்டிற்குள் வந்தது பின்னரே.

இன்று எங்கும் கட்டட வேலை நடைபெறுகின்றது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் மண்மலை சரிந்து லயன்களை மூடிய பின், பூனாகலைப் பக்கத்தில் அம்மக்களுக்குப் புதிய வீடுகள் எழுந்தன. இந்திய அரசின் உதவியுடன் தோட்டப்பகுதிகளில் முதலில் 4,000 வீடுகளுக்கும், 2017 மே மாதத்து அறிவிப்பின்படி மேலும் 10,000 வீடுகளுக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. 2025 ஒக்டோபரில் நம் பண்டாரவளை நகரிலேயே 2,000 குடும்பத்தாருக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கும் விழா நடந்தது. அடுத்த மாத இறுதியில் வீசிய டித்வாச் சூறாவளி பதுளை மாவட்டத்தை நிலைகுலையச் செய்தது. இடிந்தவற்றை மீளக் கட்டும் வேலை அதனாற் பெருகிற்று. லயனில் இருநூறாண்டு வாழ்ந்த ஒரு சமுதாயம் தனக்கென ஒரு கூரையை எழுப்பும் காலம் இது. மகிழத்தக்க காலமே. ஆயினும் அக்கூரைக்கு மேலே கம்பி செல்கின்றது என்பதை அம்மகிழ்ச்சியில் மறந்துவிடுகின்றோம்.

எம்மிடம் பத்தாம், பதினோராம் தரங்களிற் தமிழ் கற்ற மாணவன் ஒருவனைப் பற்றிக் கூறுதல் வேண்டும். பெயர் வேண்டா. தோட்டத்துப் பிள்ளை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். விழாக்காலங்களில் அறிவித்தற் பலகை எழுத அவனையே அழைப்போம். சாதாரண தரப் பரீட்சை எழுதியபின் வீட்டு நிலைமை காரணமாகப் படிப்பை நிறுத்தி, கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நாட்கூலிக்குச் சேர்ந்தான். நகரின் ஓரத்தில் ஒரு மேல்மாடி எழுந்துகொண்டிருந்தது. வீதியிற் கிடந்த ஆறு மீற்றர் நீள இரும்புக்கோல்களை மேல்தளத்திற்கு ஏற்றுவது அன்றைய வேலை. கீழே நின்றவர் நிமிர்த்திக் கொடுப்பார். மேலே நின்ற இவன் பற்றி இழுத்துத் திருப்பிக் கிடத்துவான். பத்துப் பன்னிரண்டு கோல்கள் ஏறிவிட்டன. அடுத்த கோலைத் திருப்பும்போது அதன் நுனி வீதியோரத்து 33,000 வோல்ற்றுக் கம்பியை நெருங்கிற்று.

அவன் பிழைத்தான். வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. மின்சாரம் வெளியேறிய இடப்பாதத்தில் இரு விரல்கள் இல்லை. யாம் அவன் வீட்டிற்குச் சென்றபோது எழுந்து நின்று, "வாங்க சேர்" என்று இடக்கையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நடந்ததை அவனே சொன்னான்: "சேர், கம்பி கம்பியில படவே இல்ல. ரெண்டு விரல் இடைவெளி இருந்திச்சு. அது தானா வந்து புடிச்சிக்கிச்சு." அவன் தாய் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இவன் தொட்டிருப்பான்னுதான் எல்லாரும் சொல்றாங்க ஐயா. கவனமில்லாத பிள்ளைன்னு சொல்றாங்க" என்றார். பிள்ளை இழந்த கையினும் அந்தச் சொல்லே அத்தாயை வருத்தியது என்பதை யாம் உணர்ந்தோம்.

அவன் கூறியது உண்மை. அதனை எழுதவே இப்பக்கங்களைக் கேட்டுப் பெற்றோம்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வீதியோரத்தில் உயரமாகச் செல்லும் விநியோகக் கம்பிகளில் அது 11,000 அல்லது 33,000 வோல்ற்று. கோபுரங்களிற் செல்வது 132,000 வோல்ற்றும் 220,000 வோல்ற்றும். 230 வோல்ற்றுக்குக் காற்று நல்ல காவல், தொட்டாலன்றிப் பாயாது. அழுத்தம் ஆயிரக்கணக்கில் உயரும்போதோ அக்காவல் உடைகின்றது. 33,000 வோல்ற்றுக் கம்பிக்குச் சில சென்ரிமீற்றர் அருகில் இரும்பு வந்தாற் போதும். இடையிலுள்ள காற்றே பாதையாகித் தீப்பொறி பாயும். சில சென்ரிமீற்றர்தானே என்று எண்ணற்க. ஆறு மீற்றர்க் கோலின் அடியைப் பற்றி நிற்பவனுக்கு நுனியின் அசைவு அவன் ஆட்சியில் இல்லை. கை ஒரு விரலளவு அசைந்தால் நுனி பல மடங்கு அசையும். கம்பியும் காற்றில் ஆடும், வெயிலிற் தொய்யும். ஆகலினன்றோ, 50,000 வோல்ற்று வரையான கம்பிகளுக்கு 10 அடிக்குள் ஆளோ கருவியோ செல்லலாகாது என்று அமெரிக்க நாட்டில் விதி செய்தனர். அந்தப் பத்தடி கையின் நடுக்கத்திற்கும் காற்றின் அசைவிற்கும் கண்ணின் பிழைக்கும் சேர்த்து விடப்பட்டதாகும். மனிதன் தவறுவான் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு வகுத்த விதியே நல்ல விதி. "கவனமாயிரு" என்பது விதியன்று. பழியைத் தொழிலாளியின் தலையிற் சுமத்துவதற்கு முன்னரே எழுதிவைத்த சொல்.

எவ்வளவு மின்சாரம் உயிரைப் பறிக்கும்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாள்ஸ் டல்சியல் இதனை முறையாக ஆய்ந்தவர். பற்றிய மின்கடத்தியைத் தானாக விட்டுவிட ஓர் ஆணுக்கு இயலும் எல்லை சராசரி 16 மில்லியம்பியர்; பெண்ணுக்கு 10.5 மில்லியம்பியர் என்று கண்டார். அதற்குமேற் சென்றால் கைத்தசை இறுகிவிடும். விட நினைத்தாலும் விரல் விரியாது. முன்னாளில் நாம் எரித்த 40 வாற்றுக் குண்டு மின்குமிழ் ஏறத்தாழ 174 மில்லியம்பியர் உண்ணும். ஒரு சிறு விளக்கை எரிக்கும் மின்சாரத்திற் பத்தில் ஒரு பங்கே மனிதனைப் பற்றிக்கொள்ளப் போதுமென்றால், சிறிய மின்சாரம் என்று ஒன்றில்லை என்பது புலனாகும். நம் வீடுகளிலுள்ள ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியம்பியர் கசிந்தவுடன் நொடிக்குள் துண்டித்து உயிரைக் காப்பது. ஆனால் அது தனக்குப் பின்னாலுள்ள வயர்களையே காக்கும். வீதிக் கம்பிக்கு அது காவலன்று. "ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்று மேல்மாடியில் நிற்பவன் நம்புவது, வீட்டுப் பூட்டு வீதியிலும் காக்கும் என்று நம்புவதையொக்கும்.

சமவெளியார் அறியாத ஓர் இடர் மலைநாட்டிற்கு உண்டு. கம்பியின் உயரத்தை நிலத்திலிருந்தே அளக்கின்றனர். மலையில் நிலம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழ்த்தட்டு வீட்டின் கூரைக்குப் பன்னிரண்டு அடி மேலே செல்லும் கம்பி, மேல்தட்டில் முற்றம் வெட்டி நிற்பவனின் தோளுக்கு நேராக அமையலாம். மேலும், பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பி அடித்தளம் எழுப்புகின்றோம். கம்பி இருந்த இடத்திலேயே இருக்க, தரை அதனை நோக்கி எழுகின்றது. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் காணியில் வீடு கட்டுவோனுக்கு விலகிக் கட்ட வேறிடமும் இல்லை. பிள்ளைகள் வளர, ஒற்றை வீட்டின் மேல் மாடி எழுகின்றது. கம்பம் நட்ட நாளில் எவரும் பிழை செய்திலர். வீடு தொடங்கிய நாளிலும் எவரும் பிழை செய்திலர். இரண்டிற்கும் இடையிலிருந்த தூரத்தை மட்டும் ஒருவரும் மீள அளந்திலர்.

தூரம் குறைவதை அளவாதார்க்கு நேர்ந்ததைத் தமிழகத்திற் கண்டோம். தஞ்சாவூரை அடுத்த களிமேடு என்னும் ஊரில் 2022 ஏப்ரல் 27 ஆம் நாள் விடியற்காலை, அப்பர் பெருமானின் சதய விழாத் தேர் வீதியுலா வந்தபோது, அதன் உச்சி அலங்காரம் உயரழுத்த மின்கம்பியிற் பட்டு, சிறுவர் மூவர் உட்படப் பதினொருவர் மாண்டனர். ஆண்டுதோறும் அதே வீதியில் வந்த தேர்தான். வீதி புதுப்பிக்கப்பட்டு மட்டம் உயர்ந்திருந்தது என்பது அப்போது வெளிவந்த செய்தி. தேர் உயரவில்லை; கம்பி தாழவில்லை; வீதி உயர்ந்தது. வீதி வேலையும் கட்டட வேலையே என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு நினைவூட்டுகின்றது. தோட்டந்தோறும் ஆடித்திருவிழாவில் தேரும் காவடியும் எடுக்கும் நாம் இதனைத் தஞ்சைச் செய்தியென்று ஒதுக்கிவிடல் ஆகாது.

இனிச் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, கல்லும் மணலும் இறக்கு முன்னரே மேலே பார்த்தல். வீடு முழுமையாக எழுந்தபின் அதன் உச்சியில் ஒருவன் கோலோடு நின்றால் கம்பிக்கு எவ்வளவு தூரம் என்பதை அப்போதே கணிக்க வேண்டும். அளக்கிறோம் என்று நீண்ட தடியையோ உலோக அளவுநாடாவையோ கம்பியருகே உயர்த்தலாகாது. நிலத்தில் நின்றே கணிக்க வேண்டும். ஐயமெனின் மின்சார அலுவலகத்தாரை அழைக்க வேண்டும். தூரம் போதாதெனின் கம்பியை நகர்த்தும்படியோ, வேலை நடக்கும் நேரத்தில் மின்னைத் துண்டிக்கும்படியோ எழுத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். துண்டித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லும்வரை ஒவ்வொரு கம்பியும் மின் உள்ள கம்பியே.

இரண்டாவது, கம்பிக்குக் கீழே எதனையும் குவித்தலும் நிமிர்த்தலும் ஆகாது. இரும்புக்கோல், தகரம், அலுமினிய ஏணி, நீர்க்குழாய் ஆகியவற்றை இருவராய்க் கிடையாகவே சுமக்க வேண்டும். கம்பி செல்லும் பக்கத்தை விடுத்து மறுபக்கத்தால் ஏற்ற வேண்டும். டிப்பர் லொறி பெட்டியை உயர்த்துவதும், பெக்கோ கையை நீட்டுவதும் கம்பியடியில் வேண்டா. மூங்கிற் சாரம் தானே என்று இருத்தலும் பிழை. நம்மூர் மூடுபனியிலும் மழையிலும் நனைந்த மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். இறப்பர்ச் செருப்பு 33,000 வோல்ற்றுக்கு ஒரு பொருட்டன்று. வெறுங்கம்பிக்குக் கறுப்புறை இல்லை. மங்கி நிற்கும் அலுமினியத்தை உறையென்று கருதுவோர் பலர்.

மூன்றாவது, நிலத்தின் கீழும் கம்பி உண்டு. நகர்ப்புறங்களிற் புதைத்த வடங்கள் உள. அலவாங்கை ஓங்கிக் குத்துமுன் அங்கு யாது புதைந்துள்ளது என்று கேட்டறிதல் வேண்டும். அறியாதவிடத்து மண்வெட்டியாற் சிறிது சிறிதாகவே அகழ்தல் வேண்டும்.

நான்காவது, வேலைத்தளத்துத் தற்காலிக வயர்கள். கொங்கிறீற்றுக் கலவை இயந்திரத்திற்கும் வெட்டும் இயந்திரத்திற்கும் செல்லும் வயர் சேற்றுநீரிற் கிடக்கும். முடிச்சிட்டு நாடா சுற்றியிருக்கும். பிளக் இன்றி நுனிகளைத் துளையிற் செருகித் தீக்குச்சியால் இறுக்கியிருப்பர். இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும். தளத்திற்கென ஒரு ட்ரிப் சுவிட்ச், முழுதான வயர், மூன்று முள் பிளக், உயர்த்திக் கட்டிய பாதை. 

ஐந்தாவது, விபத்து நேர்ந்தால் ஓடிச்சென்று பற்றலாகாது. வீட்டு மின்சாரமெனின் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். வீதிக் கம்பியெனின் மின் துண்டிக்கப்பட்டதென்று அறியும்வரை எவரும் அருகிற் செல்லலாகாது. உலர்ந்த தடியாலும் தள்ள முயலலாகாது. கம்பி அறுந்து நிலத்தில் வீழ்ந்திருந்தால் அதைச் சுற்றியுள்ள மண்ணிலும் மின்சாரம் பரந்திருக்கும். கால்களை அகல வைத்தால் ஒரு காலால் ஏறி மறுகாலால் இறங்கும். ஆகவே பாதங்களை ஒட்டி, நிலத்தை விட்டெடாது சிறிது சிறிதாக உரசி விலகுதல் வேண்டும். வாகனத்தின் மீது கம்பி வீழ்ந்தால், தீப்பற்றினாலன்றி, சாரதி உள்ளேயே இருத்தல் நன்று. இடம் காப்பானபின், மூச்சில்லாதவனுக்கு உடனே மார்பழுத்தி உயிர்மீட்புச் செய்ய வேண்டும். 1990 என்னும் இலக்கத்திற்கு அம்புலன்ஸ் வண்டி கேட்க வேண்டும். தானாக எழுந்து நடப்பவனையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மின்சாரம் உள்ளே செய்த கேடு வெளியே தெரியாது. இதயம் பின்னரும் தடுமாறலாம்.

இவையெல்லாம் தொழிலாளிக்குச் சொல்வன மட்டுமல்ல. மேற்கூறியவற்றுள் நாட்கூலிப் பையன் தானாகத் தீர்மானிக்கக் கூடியது எது? கம்பியை நகர்த்த விண்ணப்பிப்பவன் அவனல்லன். எந்தப் பக்கத்தால் ஏற்றுவது என்று முடிவு செய்பவனும் அவனல்லன். அவனுக்குள்ள உரிமை ஒன்றே: "மாட்டேன்" என்று சொல்வது. சொன்னால் அடுத்த நாள் வேலையில்லை. எம் மாணவன் சொன்னதும் அதுவே: "உச்சிக்கம்பி கிட்ட இருக்குன்னு பார்த்தேன் சேர். சொல்லலாமான்னு நினைச்சேன். புதுசா சேர்ந்தவன் பேசினா நல்லாயிருக்காதுன்னு விட்டுட்டேன்." அவன் கவனமில்லாத பிள்ளை அல்லன். கண்டான், நினைத்தான், சொல்ல இடமில்லை. ஒப்பந்தக்காரர் முதல் மாதம் சிறுதொகை கொடுத்தார், பின்னர் வரவில்லை. வேலையிற் காயமுற்றோர்க்கு நட்டஈடு பெற்றுத்தரும் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டு தொட்டே இந்நாட்டில் உண்டு. அப்படியொன்று உண்டென்பதை அக்குடும்பத்தாருக்கு எடுத்துரைத்தோம். இடக்கையால் அவனே எழுதிய விண்ணப்பம் இப்போது நடைபெற்று வருகின்றது. எழுத்து முன்போல் இல்லை. ஆனால் ஒற்றுப் பிழை ஒன்றேனும் இல்லை.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பொறியியலாளர் உளர், ஒப்பந்தக்காரர் உளர், இரும்புக்கடை வைத்திருப்போர் உளர், கடல்கடந்து உழைத்து ஊரில் மாடி எழுப்புவோர் பலர் உளர். அவர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். கட்டட மதிப்பீடு எழுதும்போது, அத்திவாரத்திற்கும் முன்னதாக, முதலாவது வரியாக, "மின்கம்பியிலிருந்து காப்பு" என எழுதி அதற்கு ஒரு தொகை இடுக. கம்பிக்குத் தூரம் போதுமெனின் அத்தொகை மிஞ்சும். போதாதெனின், அவ்வரி எழுதப்படாத வீட்டில் அச்செலவை வேறொருவன் தன் உடம்பாற் செலுத்துவான்.

மேல்வகுப்பு மாணவர்க்கு மற்றொன்று. உங்களுட் சிலர் அடுத்த ஆண்டே வேலைத்தளத்திற்குச் செல்வீர்கள். அதில் இழிவு யாதுமில்லை. அங்கே "மேற்கம்பி" என்றும் "கட்டுக்கம்பி" என்றும் இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகுங்கள், மற்றவரையும் பழக்குங்கள். கண்டதை வாய்திறந்து சொல்லுங்கள். தமிழ் கற்பித்தது பரீட்சைக்காக மட்டுமன்று. அபாயத்தைக் கண்டவிடத்து, அதனைப் பிழையறப் பெயர் சொல்லிக் கூவவுமே.

விழாவின் நினைவாகக் கல்லூரியிற் புதிய கட்டடம் ஒன்று எழுப்பும் எண்ணம் அன்பர் பலரிடம் உண்டு எனக் கேள்விப்பட்டோம். நற்பணி நிறைவேறுக. மைதானத்தின் மேற்கு எல்லையோரமாக மின்கம்பி செல்வதை யாவரும் அறிவீர்கள். அதை நகர்த்திய பின்னரே அடிக்கல் நாட்டுக. பழைய மாணவர் பதிவேட்டிற் சாதாரண தரத்தோடு விலகியோர் பெயர்களையும் சேர்க்குமாறு சங்கத்தாரைக் கேட்டுள்ளோம், அவர்களும் இசைந்துள்ளனர். அப்பதிவேட்டிற் சேர்க்க யாம் கொடுத்த முதற் பெயர் எவருடையது என்பதை இனிச் சொல்லவேண்டியதில்லை.

— பயிற்றப்பட்ட தமிழாசிரியர், பண்டாரவளை